ஆறாம் அத்தியாயத்தில் காலமானவர்

பிள்ளையள், நான் ரெண்டு தரம் ஓய்வு பெற்றவள். முதல் தரம், கொழும்பில ஒரு தமிழ்ப் பேப்பர் ஒஃபிஸில இருந்து. அங்க விளம்பரப் பகுதியில, மரண அறிவித்தல் மேசையில முப்பத்தொரு வருசம் இருந்தனான். ரெண்டாம் தரம், போன வருசம், உங்கட இந்தத் தொழிலில இருந்து. வெள்ளிக்கு வெள்ளி ஈமெயிலில ஒரு அத்தியாயம் அனுப்புற தொடர்கதை நியூஸ்லெற்றர். மூண்டு தொடர் எழுதி முடிச்சன். பிறகு கண்ணுக்கு ஏலாமப் போச்சு, விட்டிட்டன்.

இப்ப நீங்கள் புதுசா எழுத வந்த எட்டுப் பேர் வட்ஸ்அப்பில ஒரு குறூப் துவங்கி, என்னைக் கேக்காமலே அதுக்குள்ள தூக்கிப் போட்டிட்டு, “அன்ரி, தயக்கத்தை எப்பிடி வெண்டனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ” எண்டு நிக்கிறியள். உங்களுக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும். பின்னேரக் கடல் படத்துக்கு மேல போட ரெண்டு வரி. என்னட்டை அது இல்லை. நான் ஒண்டையும் வெல்லேல்லை. பதினாலு மாதம் பயந்துகொண்டு இருந்தன், பிறகு கோவத்தில ஒரு பட்டனை அமத்தினன், அதுக்குப் பிறகு என்ர வெள்ளவத்தை வீட்டு வாசலில முப்பது பேர் வெள்ளை உடுத்துக்கொண்டு வந்து நிண்டினம். அதை வேணுமெண்டால் சொல்லுறன்.

முதல் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவேணும். நான் வேலை செய்த காலத்தில மேல்மாடியில ஞாயிறுப் பக்கத்தைப் பாக்கிற ஆசிரியர் ஒருத்தர் இருந்தவர். பேர் சொல்லமாட்டன். சொன்னால் நாளைக்கே உங்களில ஒருத்தர் அவற்ற படத்தைத் தேடிப் போட்டு மாலையும் போட்டுவிடுவியள். நாட்டில ஆர் கதை எழுதினாலும் அவற்ற மேசைக்குத்தான் போகும். அந்தாள் தலையாட்டினால் நீங்கள் எழுத்தாளர். ஆட்டாட்டில் வாசகர். எனக்கு முப்பத்துமூண்டு வயசில ஒரு சிறுகதை எழுதி, சாப்பாட்டு நேரம் பாத்து, மனுசன் இல்லாதபோது மேசையில வைச்சிட்டு ஓடி வந்தன். மூண்டு கிழமையால கதை திரும்பி வந்தது. மேல ஒரு சின்னச் சீட்டுக் குத்தியிருந்தது. பச்சை மையில நாலே நாலு சொல்.

‘சம்பவம் இருக்கிறது. ஆள் இல்லை.’

அதை நான் கிழிச்சு எறிஞ்சிருக்க வேணும். எறியேல்லை. அலுமாரியில கூறைச்சீலைக்கு அடியில வைச்சன். வருசத்துக்கு ஒருக்கா சீலையை வெயில் காட்ட எடுக்கேக்க சீட்டையும் எடுத்து வாசிப்பன். ஓம், உண்மைதான், ஆள் இல்லை எண்டு எனக்கு நானே சொல்லிப்போட்டுத் திருப்பி வைப்பன். இப்பிடியே இருபத்தெட்டு வருசம். ஒரு வரி எழுதேல்லை. எழுதினது முழுக்க, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் நேற்று முன்தினம் காலமானார் எண்ட வரிதான்.

அந்த மேசையைக் குறைவா நினையாதேங்கோ. எங்கட ஆக்களைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது எல்லாம் அங்க படிச்சதுதான். மருமக்கள் பேர் எந்த ஒழுங்கில வருது எண்டதைப் பாத்தே அந்த வீட்டில ஆர் ஆரோட கதைக்கிறேல்லை எண்டு சொல்லுவன். ஆனா அந்த மேசையில ஒரு பிழை விட்டனான். சேர்ந்து ரெண்டாம் வருசம். ஒரு பெரியவர் செத்துப்போனார். குடும்பம் ஹெவ்லொக் டவுன் வீட்டை வித்துப்போட்டு இரத்மலானைக்குப் போய்க் கொஞ்சக் காலம். நான் பதின்மூண்டு பேரையும் நாலு நாட்டையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் போட்டன். விலாசத்தை மறந்து போனன். அடுத்த நாள் காலமை சனம் முழுக்கப் பழைய நினைவில ஹெவ்லொக் டவுன் வீட்டுக்குப் போய் இறங்கியிருக்கு. அங்க புதுசா வாங்கின சோடி ஒண்டு. என்ன நடக்குதெண்டு விளங்காமலே, பாவம், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கினம். இரத்மலானையில பிரேதத்துக்குப் பக்கத்தில வீட்டுக்காரரும் ஐயரும் மட்டும்.

மகன்காரன் ரெண்டு நாளால கவுண்டருக்கு வந்தவர். சத்தம் போடேல்லை. “அப்பாவைப் பாக்க ஒருத்தரும் வரேல்லை, மிஸ்” எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனார். ஏசியிருந்தால் நான் அண்டைக்கே மறந்திருப்பன். அதுக்குப் பிறகு விலாசம் இல்லாத மரண அறிவித்தல் ஒண்டும் என்ர கையால வெளிக்கிடேல்லை. இதை நினைவில வைச்சுக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கட மூண்டாம் மாடிப் பல்கனியில இருந்து கரையோர ரயில் போறதைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க ஒரு மனுசன் மனதுக்குள்ள வந்தார். பரமகுருநாதர். ஓய்வு பெற்ற புகையிரத நிலைய அதிபர். மனுசி செத்துப்போச்சு, பிள்ளையள் வெளிநாடு. தனிய ஒரு ஃபிளாட்டில இருந்துகொண்டு, ஒவ்வொரு ரயிலும் எவ்வளவு பிந்துது எண்டு கொப்பியில எழுதி, பின்னேரம் மனுசியின்ர படத்துக்கு முன்னால நிண்டு வாசிச்சுக் காட்டுவார். ரயில் அஞ்சு நிமிசம் பிந்தினால் தானே பிந்தினமாதிரி மனுசனுக்கு வெக்கமா இருக்கும். எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது. எங்க இருந்து வந்தார் எண்டு இண்டைக்கும் தெரியாது. வந்தவரைப் போகச் சொல்ல மனம் வரேல்லை, எழுதத் துவங்கினன்.

எழுதிறதில கரைச்சல் இல்லை. அனுப்புறதுதான் கரைச்சல். முதலாம் அத்தியாயம் பதினாலு மாதம் டிராஃப்டில கிடந்தது. வெள்ளிக்கிழமை எண்டால் ராகுகாலம். ராகுகாலம் முடிஞ்சால் சனம் வேலையில நிக்கும், ஆர் வாசிக்கிறது. ஆடி மாதம் கூடாது. மார்கழி கூடவே கூடாது. தையில அனுப்பலாம் எண்டால் ரெண்டாம் பந்தியில ஒரு கமா இடிக்குது. ஒவ்வொரு கிழமையும் சோதனைக்கு எண்டு எனக்கு நானே அனுப்புவன். ரெண்டு மூண்டு மாதத்தால அதையும் திறந்து பாக்கிறதை விட்டிட்டன். என்ர நியூஸ்லெற்றருக்கு ஒரேயொரு வாசகி, அவளும் வாசிக்கிறேல்லை எண்ட நிலைமைக்கு வந்திட்டுது.

உங்களில ஒரு பிள்ளை, “இன்னும் கொஞ்சம் திருத்தவேணும் அன்ரி” எண்டு எனக்கு மெசேஜ் போட்டிருந்தா. நீர் திருத்தேல்லை, பிள்ளை. நீர் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறீர். எனக்குத் தெரியும், நானும் அதே இடத்திலதான் ஒளிச்சனான்.

என்னை வெளியில இழுத்தது துணிவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என்ர மனுசன். அவர் அரசாங்கக் கந்தோரில வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலமை பேப்பர், பின்னேரம் கடற்கரை, மிச்ச நேரம் பழைய கந்தோர்க்காரரின்ர வட்ஸ்அப் குறூப். ஒருநாள் நான் கொம்பியூட்டருக்கு முன்னால பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்க, பேப்பருக்குப் பின்னால இருந்து குரல் வருது.

“இஞ்சாரும், உதை ஆர் உம்மட்டைக் கேட்டது?”

பாருங்கோ, மனுசன் குத்திக் கதைக்கேல்லை. சும்மா, தண்ணி மோட்டர் போட்டாச்சோ எண்டு கேக்கிற குரலில கேட்டவர். எனக்கு வந்த கோவத்தைச் சொல்லேலாது. முப்பத்தஞ்சு வருசம் கேட்டதை எல்லாம் செய்தாச்சு. கேளாத ஒண்டைச் செய்தால் என்ன செய்வியள் எண்டு சொல்லிக்கொண்டே பட்டனை அமத்தினன். ராகுகாலத்தில.

பத்தொன்பது பேருக்குப் போனது. எல்லாம் சொந்தம், பழைய ஒஃபிஸ், இல்லாட்டில் அக்கம்பக்கம். முதல் பதில் ரொறன்ரோவில இருந்து மச்சாள்: ‘கிடைச்சது. எல்லாரும் சுகமோ? உங்கட ஃபிளாட் லிஃப்ட் திருத்தியாச்சோ?’ ரெண்டாவது பதில் சித்தப்பா: ‘இதில வாற கஞ்சன் நானோ?’ ரெண்டு மாதிரியான விமர்சனம்தான் எங்கட சமூகத்தில இருக்கு. ஒண்டு லிஃப்ட், மற்றது நானோ.

அடுத்த தெரு ரீச்சர் ஒருத்தி மூண்டாம் அத்தியாயத்தோட லிஸ்ற்றில இருந்து தன்ர பேரை வெட்டிப்போட்டா. இந்தக் கொம்பியூட்டர் அதையும் காட்டிக் குடுக்கும், உங்களுக்குத் தெரியும்தானே. அடுத்த நாளே மரக்கறிக் கடையில ஆளைக் கண்டன். கத்தரிக்காயை அமத்திப் பாத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை வந்தால் உங்கட கதைக்குத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறனான்” எண்டா. நான் சிரிச்சன். நீங்களும் சிரியுங்கோ. வெள்ளவத்தையில இருந்துகொண்டு ஒவ்வொருத்தரையும் பிடிச்சு ஏன் வெட்டினனீர் எண்டு கேட்டால் பிறகு மரக்கறி வாங்கத் தெகிவளைக்குத்தான் போகவேணும்.

ஆனா வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்து வாசிச்சன். ஆள் இல்லை. அதுதானே அந்தப் பெருமகனும் சொன்னவர். அஞ்சாவது அத்தியாயத்தை ஏழு பேர்தான் திறந்திருந்தினம். இருபது அத்தியாயத்துக்குத் திட்டம் போட்ட நான், சரி, ஆறாவதில மனுசனைச் சாகவிட்டு, ஏழாவதில செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை எண்டு எழுதி, மானத்தோட கடையைச் சாத்துவம் எண்டு முடிவெடுத்தன். பரமகுருநாதருக்கு ஒரு நோய் வருத்தமும் இருக்கேல்லை. என்ர பயத்தாலதான் செத்தவர்.

ஆறாம் அத்தியாயத்தின்ர கடைசியில ஒரு மரண அறிவித்தல் வந்தால் வடிவா இருக்கும் எண்டு பட்டது. பட்டதோட கை தன்பாட்டில எழுதத் துவங்கிட்டுது. முப்பத்தொரு வருசத்துக் கை. அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற செல்வராணியின் அன்புக் கணவரும். பிள்ளையளைக் கனடா, லண்டன், மெல்பேர்ண் எண்டு நாடு நாடாப் பிரிச்சன். அப்பிடிப் பிரிக்காட்டில் எங்கட ஆக்களுக்குச் செத்தமாதிரித் தெரியாது. இறுதிக்கிரியைகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு அன்னாரின் இல்லத்தில். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். சுத்திக் கறுப்புக் கோடு. எல்லாம் முடிய, கீழ ஏதோ குறையுதே எண்டு பாத்தன். விலாசம். கை விடமாட்டன் எண்டிட்டுது. எங்கட ஒழுங்கை, எங்கட கட்டட இலக்கம், மூண்டாம் மாடி, வீட்டுப் போன் இலக்கம். போட்டால்தான் நெஞ்சு ஆறினது. வெள்ளிக்கிழமை அனுப்பினன்.

சனிக்கிழமை மத்தியானம் முதல் போன். லண்டனில இருந்து ஆரோ ஒரு பொம்பிளை, கரகரத்த குரல். “பரமகுரு அண்ணை போயிட்டாராமே... ஐயோ, என்ன நடந்தது?” நான் வாயைத் திறக்க முந்தி, “அவற்ற அளவெட்டிக் காணியை இப்ப ஆர் பாக்கினம்?” எண்டா. ஆரோ அந்தக் கறுப்புக் கோட்டுப் பெட்டியை மட்டும் படம் பிடிச்சு அனுப்பியிருக்கினம். தொடர்கதை எண்டு மேல போட்ட தலைப்பு அதில இல்லை. பின்னேரத்துக்குள்ள பதினொரு போன். பழைய பழக்கத்தில ஒரு திருத்தம் எழுதினன்: ‘நேற்றைய அறிவித்தலில் காலமானதாகக் குறிப்பிடப்பட்டவர் காலமாகவில்லை. அவர் பிறக்கவுமில்லை.’ வாசிச்சுப் பாக்க எனக்கே விசர் மாதிரி இருந்தது. அனுப்பேல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் கீழ இருந்து எங்கட சிங்களச் செக்கியூரிட்டி அய்யே இன்ரகொம்மில கூப்பிடுறார். “நோனா, கவுத மளே?” ஆர் செத்தது எண்டு கேக்கிறார்.

“கவுருவத் நே, அய்யே.” ஒருத்தரும் இல்லை எண்டன்.

அய்யே சிங்களத்திலதான், “அப்ப இஞ்ச லிஃப்டுக்கு நிக்கிற முப்பது பேரும்?” எண்டார்.

மேல வந்தினம். வெள்ளைச் சீலை, வெள்ளை வேட்டி, ரெண்டு மலர்வளையம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து, சோபாவிலயும் சாப்பாட்டுக் கதிரையிலயும் கைகட்டிக்கொண்டு இருந்திட்டினம். என்ர மனுசன் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில நிக்க, ஒவ்வொருத்தரா அவற்ற கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லினம். மனுசனும் தலையை ஆட்டுது!

“நானும் பரமகுருவும் ஒரே வகுப்பு. கணக்கில புலி” எண்டு ஒரு வழுக்கைத் தலை சொல்லுறார். மரக்கறிக் கடை ரீச்சர் மூக்கைத் துடைச்சுக்கொண்டு, “போன கிழமையும் கண்டு கதைச்சனான், நல்லாத்தான் இருந்தவர்” எண்டுறா. இதுக்கிடையில ஃபிளாட் கொமிற்றித் தலைவர் வந்து என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டு, “உங்கட துக்கம் விளங்குது. ஆனா சட்டப்படி பெட்டியை லிஃப்டில ஏத்த ஏலாது, படியாலதான் இறக்கவேணும்” எண்டு குசுகுசுக்கிறார்.

நான் நடு ஹோலில வந்து நிண்டன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அப்பிடி ஒருத்தர் இல்லை. அது நான் எழுதுற கதை. பரமகுருநாதர் என்ர கற்பனை” எண்டன்.

வழுக்கைத் தலை எழும்பினார். “அப்ப என்னோட படிச்சவர் ஆர்?” அவருக்கு என்னில சரியான கோவம். ரீச்சர் பக்கத்தில இருந்தவவிட்டைக் குனிஞ்சு சொன்னது எனக்கும் கேட்டது. “குடும்பத்துக்குள்ள ஏதோ பிரச்சினை போல. மறைக்கினம்.” அதோட எல்லாருக்கும் விசயம் விளங்கிட்டுது. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு படியால இறங்கிப் போச்சினம். ஒரு மலர்வளையத்தை ஞாபகமாத் திருப்பி எடுத்துக்கொண்டும் போச்சினம்.

நான் மனுசனைப் பிடிச்சன். “என்ர பத்தொன்பது பேரில அளவெட்டியார் ஒருத்தரும் இல்லை. இது எப்பிடி வெளியில போனது?” மனுசன் நிலத்தைப் பாக்குது. பிறகு மெல்லமாச் சொல்லுது: “ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் எங்கட கந்தோர் குறூப்பில போட்டனான். அவங்கள் தங்கட ஆக்களுக்கு அனுப்பியிருப்பாங்கள்.” என்ர பேரும் தலைப்பும் எங்க எண்டு கேட்டன். “பொம்பிளையள் எழுதின கதை எண்டால் உவங்கள் வாசிக்கமாட்டாங்கள் எண்டு வெட்டிப்போட்டன். ஆனா வாசிச்சவங்கள், எல்லாரும் வாசிச்சவங்கள்” எண்டுது. அடிக்கிறதோ கட்டிப்பிடிக்கிறதோ எண்டு தெரியேல்லை. ரெண்டும் செய்யேல்லை. போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தன்.

எனக்கு வெக்கத்தில உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஊருக்கு முன்னால நாறிப்போனன். அறுபத்தொரு வயசில இது எனக்குத் தேவையோ? ஆள் இல்லை எண்டு ஒருத்தர் முன்கூட்டியே எழுதித் தந்தும் கேளாமல் இறங்கின எனக்கு இது வேணும். நியூஸ்லெற்றரை நிரந்தரமா மூடுற இடத்துக்குப் போனன். ஆறு அத்தியாயமும் அழியும், சம்மதமோ எண்டு அது கேட்டது. சம்மதம் எண்டு அமத்தப் போக, வாசல் மணி அடிச்சுது.

கதவைத் திறந்தால் பொல்லோட ஒரு கிழவர். வெள்ளை வேட்டி, தோளில சால்வை. படி ஏறின களைப்பில மூச்சு வாங்குது. லிஃப்ட் பழையபடி பழுது. கண்டவுடனை தெரிஞ்சுது. ஞாயிறுப் பக்கத்து ஆசிரியர். எண்பத்துமூண்டு வயசு இருக்கும். கொட்டாஞ்சேனையில இருந்து திரீவீலில வந்திருக்கிறார்.

“நீர் எங்கட விளம்பரப் பகுதியில இருந்த பிள்ளையெல்லோ? பிந்திப்போனன். எடுத்திட்டினமோ?” எண்டார்.

“இருங்கோ சேர்” எண்டு கதிரையைக் காட்டினன். தண்ணி குடுத்தன். “உங்களுக்கும் அவரைத் தெரியுமோ?” எண்டு கேட்டன். இவரும் ஒண்டாப் படிச்சவர் எண்டு சொல்லப்போறார் எண்டுதான் நினைச்சன்.

“தெரியாது. ஒருநாளும் கண்டதில்லை” எண்டார். “ஆரோ அந்த மனுசனைப் பற்றி வெள்ளிக்கு வெள்ளி எழுதிக்கொண்டு வந்தவை. போன் எழுத்து என்ர கண்ணுக்குத் தெரியாது. மருமகள் போனில வாசிச்சுக் காட்டுவா. ரயில் பிந்தினால் வெக்கப்படுற மனுசன். அப்பிடி ஒருத்தர் எங்களுக்குப் பக்கத்தில இருந்திருக்கிறார், நான் ஒருநாளும் போய்க் கதைக்கேல்லையே எண்டு ரெண்டு நாளா நித்திரை இல்லை. அதுதான் வந்தனான்.”

அண்டைக்கு வந்த அத்தனை பேருக்குள்ளயும் தெரியாது எண்டு சொன்னவர் இவர் ஒருத்தர்தான்.

“சேர், அது கதை. நான் எழுதினது. அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

பொல்லை ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாத்தினார். பிறகு முகம் சிவந்து வந்துது. “அப்ப என்னத்துக்கு ஆறிலயே கொண்டனீர்? ஒரு ஆளைக் கொண்டுவந்து எங்கட வீட்டுக்குள்ள இருத்திப்போட்டு, ஆறாவதிலயோ சாகவிடுறது? உமக்கு என்ன அவசரம்?”

எனக்கு வந்துதே கோவம்! அறைக்குள்ள போய்க் கூறைச்சீலையை இழுத்து எறிஞ்சுபோட்டுச் சீட்டைக் கொண்டு வந்து அவற்ற மடியில வைச்சன். “நீங்கள்தானே எழுதினீங்கள். ஆள் இல்லை எண்டு. இருபத்தெட்டு வருசமா வைச்சிருக்கிறன்” எண்டன். என்ர குரல் பக்கத்து ஃபிளாட்டுக்கும் கேட்டிருக்கும்.

சீட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார். “ஓம், என்ர கைதான். இதை எல்லாருக்கும் எழுதினனான்.”

“எல்லாருக்குமோ?”

“கிழமைக்கு ஒரு சாக்கு நிறையக் கதை வரும், பிள்ளை. ஆர் வாசிக்கிறது? சீட்டை மொத்தமா எழுதி வைச்சிருந்து குத்திக் குத்தி அனுப்பினனான். உம்மட கதையை வாசிச்சிருக்கவே மாட்டன்.” கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். பிறகு என்னை நிமிந்து பாத்தார். “மற்றவை சீட்டைக் கிழிச்செறிஞ்சுபோட்டு, என்னைத் திட்டிக்கொண்டு அடுத்த கதையோட வந்திச்சினம். நீர் ஏன் வரேல்லை?”

பிள்ளையள், அவர் எழுதினது நாலு சொல். மிச்ச இருபத்தெட்டு வருசமும் நானே எழுதினது. உங்கட அலுமாரியிலயும் அப்பிடி ஒரு சீட்டு இருக்கும். எழுதின ஆள் உங்கட கதையை வாசிச்சவரோ எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.

“ஆரும் வாசிக்கேல்லை எண்டு நினைச்சு முடிக்கப் பாத்தனான், சேர்” எண்டு கடைசியாச் சொன்னன். அவர் மிஞ்சிக் கிடந்த மலர்வளையத்தைப் பொல்லால காட்டி, “அப்ப உதென்ன?” எண்டார். என்ர மனுசன் கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடிச்சார். சீனி காணாது எண்டார். வெளிக்கிடேக்க கதவைப் பிடிச்சுக்கொண்டு, “முப்பத்தோராம் நாள் வரைக்கும் எண்டாலும் எழுதும்” எண்டார். எங்கட ஆக்களில அண்டைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்து முடியும்வரைக்கும் செத்தவர் முழுக்கப் போனவர் இல்லைத்தானே.

கொம்பியூட்டரில அந்தக் கேள்வி இன்னும் நிண்டது. இல்லை எண்டு அமத்தினன். ஏழாம் அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டுப் புதுசா எழுதினன். செத்தவீட்டுக்கு முப்பது பேர் வருகினம், எல்லாரும் தெரியும் எண்டு சொல்லுகினம், கடைசியா ஒருத்தர் வந்து தெரியாது எண்டுறார். வெள்ளிக்கிழமை போனது. என்ர மனுசன் தன்ர குறூப்பில இந்தமுறை என்ர பேரோட போட்டார். நாலு பேர் குறூப்பை விட்டு விலகிப் போட்டாங்களாம். நல்லது எண்டு தானே சொல்லிச் சிரிச்சார். அந்தத் தொடர் இருபத்திரெண்டு அத்தியாயம் போனது, கதாநாயகன் செத்த பிறகு பதினாறு.

ஏழாவது போன அடுத்த திங்கட்கிழமை எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. கொட்டாஞ்சேனை மருமகளின்ர விலாசம். உள்ளுக்குள்ள ஒரு சொல்லும் இல்லை, ஒரு படம் மட்டும். சின்னச் சீட்டு, பச்சை மை, எழுத்து நடுங்கி மேலயும் கீழயுமாப் போகுது. நாலு சொல்.

‘ஆள் இருக்கிறார். சம்பவம் போதாது.’

பெருப்பிச்சு ரெண்டு தரம் பாத்தன். ஏழாம் அத்தியாயத்தில சம்பவம் போதாதுதான். இந்தமுறை மனுசன் வாசிப்பிச்சுக் கேட்டுப்போட்டுத்தான் எழுதியிருக்கிறார்.